மராகேஷ் பேச்சும் அம்மா சங்கிலியும்

ஏலே பேராண்டி, செல்போனைக் கீழ வையி. துபாய்க்குப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே. போயிட்டு வா. உன்னைப் பத்தி உலகமே கூடிப் பேசியிருக்கு, தெரியுமா?

2018 டிசம்பர்ல, மொராக்கோ தேசத்து மராகேஷ்ல. 160 தேசத்துக்கு மேல கோட்டு சூட்டோட வந்து இறங்கினாவ. ‘பாதுகாப்பான, ஒழுங்கான, முறையான இடம்பெயர்வுக்கான உலக உடன்பாடு’ன்னு பேரு வச்சாவ. வாசிச்சு முடிக்கதுக்குள்ள உன் விசாவே முடிஞ்சிரும். 23 குறிக்கோள். கூடவே, இது எவனையும் சட்டப்படி கட்டுப்படுத்தாதுன்னும் எழுதிட்டாவ. வெவரமான ஆளுவ! அப்படியும் ஐ.நா. சபையில ஓட்டுன்னு வந்ததும் அமெரிக்காவோட சேத்து 5 தேசம் முடியாதுன்னுட்டு. கட்டாத தாலிக்கே இம்புட்டுப் பயமால?

கட்டுப்படுத்துத ஒப்பந்தமும் இருக்கு. வெளிதேசத்துல பாடுபடுதவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் உரிமை வேணும்னு 1990லயே ஐ.நா. போட்டுது. உன்னைக் கூப்புடுத எமிரேட்ஸ் அதுல சேரல. சவுதியும் கத்தாரும் சேரல. சரி, உன்னை அனுப்புத நம்ம இந்தியா? அதுவும் சேரல. இந்த ஒத்துமையை எங்க போய்ச் சொல்ல!

வேலைக்கு ஆள் எடுக்கவன் தொழிலாளிகிட்ட காசு வாங்கப்படாதுன்னு மராகேஷ் தாள்ல இருக்கு. நம்ம நாட்டு விதி 30,000 ரூபா வரை வாங்கலாங்கு. உன் ஏஜென்ட்டு எவ்வளவு கேட்டான்? சொல்லமாட்டே. உங்க அம்மா கழுத்தைப் பாத்தாலே தெரியுதே.

உன்னை மாதிரி ஆளுவளை ‘வளர்ச்சியில பங்கெடுக்க வைக்க’ மேடையில ரோசனை பண்ணுதாவளாம். கூறு வேண்டாமா? 2022ல மட்டும் வெளிநாட்டுல இருக்கவன் இந்தியாவுக்கு அனுப்புன காசு 10,000 கோடி டாலருக்கு மேல. நம்ம தெருவுல மச்சுவீடெல்லாம் எவன் வேர்வை? 200 டாலர் அனுப்பினா உலகச் சராசரிக்கு 12 டாலருக்கு மேல கூலியாக் கழியுது. 6 டாலருக்குக் கீழ கொண்டாருவோம்னு 2015ல ஐ.நா.வுல சொன்னாவ. கெடு 2030. மராகேஷ்ல சொன்னதெல்லாம் எம்புட்டு ஆச்சுன்னு பாக்க நாலு வருசத்துக்கு ஒருக்க நியூயார்க்குல கூட்டம். அந்த விமான டிக்கெட்டுல எவன் கமிஷன் புடிக்கான்?

அதுக்காகப் பேச்சே வேண்டாம்னு சொல்லுவேனா? உலகக்கோப்பை வருது, ஊரே பாக்குதுன்னதும் கத்தார்க்காரன் 2020ல இறங்கி வந்தாம்லா? பழைய முதலாளி ஒப்பாமலே வேலை மாறலாம்னு சட்டத்தைத் திருத்தினான். பாக்க ஆள் வேணும், அவ்வளவுதான்.

உன்னை எவன் பாப்பான்? ஏஜென்ட்டோட லைசென்ஸ் நம்பரை நம்ம அரசாங்கத்தோட இ-மைக்ரேட் இணையதளத்துல நீயே தட்டிப் பாரு. ஒப்பந்தத்துல வேலை, சம்பளம் என்ன போட்டிருக்குன்னு வாசி. டிரைவர் வேலைன்னு கூட்டிட்டுப் போயி ஒட்டகம் மேய்க்க விட்டுருவான். பாஸ்போர்ட் நகல் ஒண்ணு வீட்டுல கிடக்கட்டும். குடுக்க காசுக்கு ரசீது கேளு. தரமாட்டேன்னு சொன்னாம்னா காசை மடியில முடிஞ்சுக்கிட்டு எந்திரிச்சு வா. சங்கிலி இன்னும் அடகுக்கடையில மூழ்கல.