வைஃபைக்கு வைஃபை வேண்டும்

அந்தமானின் பெரார்கஞ்சில் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்ற உட்காருகிறவருக்கு முதலில் கிடைப்பது தத்துவ விசாரம். வைஃபை சிப் எழுந்திருக்க ஃபர்ம்வேர் என்கிற, சிப்புக்குள் ஓடும் மென்பொருள் வேண்டும். ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் இழுத்து, 2020 ஆகஸ்டில் திறப்பு விழாவும் நடத்திவிட்டார்கள். வங்கக் கடலைத் தாண்டிய இணையம் மேசைமேல் கடைசி இரண்டடியில் நின்றுவிடுகிறது.

சிப் கம்பெனி மூலநிரலைத் தராது. மூலநிரல் இல்லாததை நிறுவல் வட்டில் சேர்க்க டெபியன் என்ற லினக்ஸ் வகையின் கொள்கை இடம் தரவில்லை. மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொள்ள, பட்டினி கிடந்தவர் பயனர். 2022இல் வாக்கெடுப்பு வைத்து, 2023இல் வந்த டெபியன் 12இல்தான் மனமிரங்கினார்கள். கிராபிக்ஸ் கார்டு கதை இன்னும் நீளம்: 2012இல் பின்லாந்து மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவுக்கு நடுவிரல் காட்டினார், அந்தக் கம்பெனி கெர்னல் மாட்யூல்களின் நிரலைத் திறந்தது 2022இல். விரலுக்குப் பதில் வரப் பத்து வருஷம்!

பழைய வட்டு வைத்திருப்பவர் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி இணையம் வாங்கிக்கொள்ளலாம். போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். அதன் வைஃபைக்கு மட்டும் ஃபர்ம்வேர் தொழிற்சாலையிலேயே ஏறி உட்கார்ந்துவிடுகிறது.