இரண்டு சூரியன், ஒரே கணக்கு

டாட்டூயின் கிரகம்,
ஜண்ட்லாண்ட் பாலை ஓரம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். தங்கச்சி, பிள்ளைகள், மாடு கன்று எல்லாம் நலமா? இருக்கிற மூன்று ஏக்கரை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வாய்க்காலில் தண்ணீர் வருவதில்லை, நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, பையனுக்கு வயலைக் கண்டாலே ஆகவில்லை என்று மூன்று காரணமும் எழுதியிருந்தீர்கள். அந்த மூன்றுக்கும் பயந்து இங்கே வருவது, தூறலுக்கு ஒதுங்கக் குளத்தில் குதிப்பது மாதிரி. விண்கலத்தில் விதை ஏற்றலாம், இயந்திரம் ஏற்றலாம். விவசாயத்தின் பழைய கணக்கு மட்டும் டிக்கெட் எடுக்காமலே கூட வந்து இறங்கிவிடுகிறது. 'ஸ்டார் வார்ஸ்' முதல் படம் 1977-இல் வந்ததிலிருந்து எல்லோரும் இந்த ஊரின் இரண்டு சூரியன்களைத்தான் வாய் பிளந்து பார்க்கிறார்கள். அதில் அதிசயம் இல்லை. இரண்டு சூரியன்களைச் சுற்றும் கெப்ளர்-16பி என்ற கிரகத்தை 2011-இல் விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்கள். பார்க்க வேண்டியது சூரியனுக்குக் கீழே நிற்கிற சம்சாரியை.

முதலில் தண்ணீர். இங்கே ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. காற்றிலுள்ள ஈரத்தைக் கறந்து எடுப்பதுதான் விவசாயம். கம்பம் மாதிரி நட்டிருக்கும் கருவிகளே நமக்குக் கிணறு. 'காற்றுக்குப் பட்டா வேண்டாம், வாய்தா வேண்டாம், நல்லதுதானே' என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 20 சதவீதமாக இருக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 6 கிராம் நீர்தான் இருக்கும். அதுவும் காற்றை 5 டிகிரிக்கும் கீழே குளிர்வித்தால்தான் சொட்ட ஆரம்பிக்கும். கடைசித் துளிவரை பிழிந்தாலும் ஒரு லிட்டருக்கு 160 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். நம் பக்கம் ஒரு கிலோ அரிசி விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் என்பார்கள். அப்படியானால் ஒரு கிலோ பொன்னிக்கு நான்கு லட்சம் கன மீட்டர் காற்று! மூடிய கூடாரத்துக்குள் பயிர் வைத்தால் ஆவியாகிற நீரைத் திரும்பப் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். பிடிக்கலாம், செலவு பெருமளவு குறையும். ஆனால் பிடிப்பதற்கும் கரண்ட் வேண்டும். தண்ணீர் இல்லை என்ற குறை இங்கே தீரவில்லை, மின்கட்டணம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அடுத்தது ஆள். 'ரோபோ இருக்கும் ஊரில் கூலிக்கு என்ன பஞ்சம்?' என்பது உங்கள் வாதம். படத்தை இன்னொரு தடவை பாருங்கள். ஓவன் என்ற விவசாயி இரண்டு ரோபோ வாங்குகிறார். புதிதல்ல, காயலான் கடை வியாபாரிகளிடம் பேரம் பேசி. அதில் ஒன்று வாசலைத் தாண்டும் முன்பே புகைந்து போகிறது. அதற்குப் பதிலாக வந்தது அன்று இரவே ஓடிப்போகிறது. வாங்கும்போது அவர் கேட்கிற கேள்வியும் ஈரம் கறக்கும் கருவிகளின் பாஷை தெரியுமா என்பதுதான். இயந்திரத்தோடு பேச இன்னொரு இயந்திரம், இரண்டையும் மேய்க்க ஒரு மனுஷன்! கற்பனை என்று தள்ளவும் முடியாது. சிலி நாட்டுச் சுங்குங்கோ கிராமத்தில் 1990-களில் மலைமேல் வலை கட்டி, மூடுபனியிலிருந்து நாளுக்குச் சராசரியாக 15,000 லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் அது கைவிடப்பட்டது. பனி தவறாமல்தான் வந்தது. வலையைப் பராமரிக்கும் ஏற்பாடுதான் நிலைக்கவில்லை. கருவி வந்தால் வேலை குறையும் என்பது கருவி விற்பவரின் நம்பிக்கை.

மூன்றாவது பையன். படத்தில் ஓவன் வளர்க்கும் லூக், விமானப் பயிற்சிக்குப் போக விண்ணப்பிக்கிறேன் என்கிறான். இந்த அறுவடை முடியட்டும், கூலிக்கு ஆள் வைத்துவிட்டு அடுத்த வருஷம் அனுப்புகிறேன் என்கிறார் ஓவன். அவர் லூக்குக்கு என்ன உறவு என்பதை ஆங்கிலத்தில் அங்கிள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். முறைப்படி அவர் லூக்கின் அப்பாவுக்கு மாற்றாந்தந்தையின் மகன், ஆக இவனுக்குச் சித்தப்பாவோ பெரியப்பாவோ ஆக வேண்டும். பையனின் ஆசையை மிதிக்கிற சுயநலக்காரர் என்று அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. நியாயமான திட்டுத்தான், போன வருஷமும் அவர் இதையேதான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் தண்ணீருக்குக் கரண்ட், கரண்டுக்குப் பணம், பணத்துக்கு அறுவடை, அறுவடைக்கு ஆள் என்று சுற்றும் செக்கில், சம்பளம் கேட்காத ஒரே ஆள் வீட்டுப் பிள்ளைதான். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கணக்கு அப்படி.

'எல்லாமே சினிமாதானே மச்சான்' என்று கடைசியாக ஒரு போடு போடுவீர்கள். வாஸ்தவம். ஆனால் ஓவனின் குழிவீட்டைப் படமெடுத்தது துனீசியாவின் மத்மாதா ஊரில். வெயிலுக்குப் பயந்து பூமியைத் தோண்டி அமாசிக் மக்கள் நிஜமாகவே வாழ்ந்த வீடு அது. கிரகத்தின் பெயரும் அதே நாட்டின் தத்தாவீன் நகரத்துப் பெயரைத் தழுவியதுதான். வெகுதூரத்துக் கிரகத்தை யோசித்தவர்களே வறண்ட பூமியில் வாழத் தெரிந்தவர்களிடம்தான் வீட்டையும் பெயரையும் கடன் வாங்க வேண்டியிருந்தது. படத்தில் வரும் ஒளிவாளை நம்பாதவர்களும் ஓவனை நம்புவது அதனால்தான்.

ஆகையால் நிலத்தை விற்க அவசரம் வேண்டாம். பையன் படிக்கப் போகட்டும். நீங்கள் இந்த அறுவடையை முடியுங்கள், மற்றதை அடுத்த வருஷம் பார்க்கலாம். எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது, இது அப்படியே ஓவன் பேசுகிற பேச்சு.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்.