வீடு மணக்க ஏழு வழிகள்

வாசனை மெழுகு வில்லைகளை நாமே செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் சிக்கனத்தில்தான் பிறக்கிறது. சோயா மெழுகு ஒரு கிலோ, வாசனை எண்ணெய் நான்கு புட்டி, சிலிக்கான் அச்சு, வெப்பமானி, டிஜிட்டல் தராசு என்று வாங்கி முடித்தபின் கணக்குப் பார்த்தால், கடை வில்லையையே அடுத்த தீபாவளி வரை வாங்கியிருக்கலாம் என்று தெரியும். எனவே கணக்குப் பார்க்கக் கூடாது. இந்தக் கலையின் பாலபாடம் அது.

திரி கிடையாது, கண்ணாடிக் குவளை கிடையாது. வில்லையை வாசனை விளக்கின் மேல்கிண்ணத்தில் போட்டு, கீழே டீ லைட் மெழுகுவர்த்தியை ஏற்றினால் மெழுகு உருகும், வீடு கமகமக்கும். கமகமக்க வேண்டும். நான் செய்த முதல் வில்லை, டப்பாவைத் திறந்தபோது மல்லிகைத் தோட்டம். உருக்கியபோது வெறும் மெழுகு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதலாவதை கோல்ட் த்ரோ என்றும் இரண்டாவதை ஹாட் த்ரோ என்றும் பிரித்துச் சொல்வார்கள். என் மனைவி இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: "டப்பாவுல புலி, கிண்ணத்துல எலி."

உங்கள் புலியும் எலியாகிவிட்டதா? பட்டுத் தெளிந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

1. எண்ணெயைத் தாராளமாக ஊற்றுங்கள்

100 கிராம் சோயா மெழுகுக்கு 6 முதல் 10 கிராம் வாசனை எண்ணெய் போதும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். அது கைக்குக் கணக்கு வராதவர்களுக்கு. நான் 20 கிராம் ஊற்றினேன். மெழுகு தன்னால் முடிந்ததைக் குடித்துவிட்டு மிச்சத்தை வெளியே தள்ளியது. மறுநாள் காலையில் ஒவ்வொரு வில்லையின் நெற்றியிலும் முத்து முத்தாக எண்ணெய் வியர்த்திருந்தது, மே மாதத்து மதியப் பேருந்தில் நிற்பவரைப் போல. வில்லையில் மணம் கூடவில்லை. மேசை விரிப்பு இன்றுவரை மணக்கிறது.

விரிப்பு பிழைக்க வேண்டுமென்றால் தராசில் எடை போட்டு ஊற்றுங்கள். மூடிக்கணக்கும் ஸ்பூன்கணக்கும் உதவாது. எண்ணெய்க்கு எண்ணெய் அடர்த்தி மாறும்.

2. சமையலறையில் இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்

கேக்குக்கு வாங்கிய வெனிலா எசன்ஸ் அலமாரியில் சும்மாதானே இருக்கிறது? பூஜையறையில் பன்னீர் இருக்கிறது. இரண்டையும் மெழுகில் ஊற்றிக் கலக்கினேன். இரண்டும் தண்ணீர்க் குடும்பம், மெழுகு எண்ணெய்க் குடும்பம், ஜாதகம் பொருந்தவில்லை. ஆறியபின் பார்த்தால் மெழுகு மேலே, பன்னீர் அடியில். "ஏங்க, இது என்ன, திரிஞ்ச பாலா?" என்று கேட்டாள் மனைவி.

மெழுகுவர்த்திக்கென்றே விற்கிற வாசனை எண்ணெயை வாங்குங்கள். அதில் வெனிலின் கலந்திருந்தால் வெள்ளை வில்லை நாளடைவில் பழுப்பாகும். பயப்பட வேண்டாம், கெட்டுப்போகவில்லை.

3. அடுப்பு எரியும்போதே ஊற்றுங்கள்

மெழுகுப் பாத்திரத்தை நேரே காஸ் அடுப்பில் வைத்து, தீ எரிய எரிய எலுமிச்சை எண்ணெயை ஊற்றினேன். அன்று மாலை எங்கள் சமையலறை மணந்ததைப்போல் எந்தச் சமையலறையும் மணந்திருக்காது. ஒரு மாதத்துக்கு மணக்க வேண்டியது பத்தே நிமிடத்தில் சன்னல் வழியாகப் புறப்பட்டுப் போயிற்று.

நேரடித் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளவும் கூடும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி உருக்குவதே முறை. பெரும்பாலான சோயா மெழுகுக்கு 85 டிகிரி செல்சியஸ் வாக்கில் அடுப்பை அணைத்து, எண்ணெயை ஊற்றி, இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளற வேண்டும். நுரை வர அடிக்கக் கூடாது. இது ஆம்லெட் அல்ல. சூடு மிஞ்சினால் மணம் பறந்துவிடும், குறைந்தால் சரியாகக் கலக்காது.

4. ஆறியவுடன் ஏற்றிப் பாருங்கள்

மாங்காய் ஊறுகாய் ஜாடியை இரண்டாம் நாளே திறந்து விரலை விடுகிறவரா நீங்கள்? இந்த வழி உங்களுக்குத்தான். சோயா மெழுகில் எண்ணெய் நன்றாகச் சேர்ந்து நிற்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பாரஃபினுக்குச் சில நாட்கள் போதும். அதுவரை காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் கிடக்க வேண்டும். நான் பன்னிரண்டு வில்லை செய்தேன். "ஊறிவிட்டதா" என்று பார்ப்பதற்காகவே முதல் வாரத்தில் எட்டை உருக்கித் தீர்த்தேன். மிச்சம் நான்கு நன்றாக ஊறியிருக்கும். டப்பாவைத் தினமும் மூன்று முறை திறந்து முகர்ந்ததில் அவற்றுக்கும் ஆயுள் குறைந்தது.

5. புட்டியின் பெயரைப் பார்த்து வாங்குங்கள்

லாவெண்டர் வில்லை ஒன்று ஒருவழியாக மணந்த அன்றுதான் ஊரிலிருந்து அம்மா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "பாத்ரூம் கழுவினியாடா?"

லாவெண்டர் என்றால் நமக்குத் தரை துடைக்கும் திரவம். எலுமிச்சை என்றால் பாத்திரம் துலக்கும் சோப்பு. சந்தனம் என்றால் பவுடர் டப்பா. மணம் மூக்கில் ஏறுவதற்கு முன்னால் ஞாபகம் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. மல்லிகையிலும் ஒரு சங்கதி உண்டு. அந்தப் பூவை ஆவியில் வடித்தால் மணம் ஒழுங்காகக் கிடைக்காது. கரைப்பான் ஊற்றித்தான் பிரித்தெடுக்கிறார்கள், விலையோ யானை விலை. மலிவுப் புட்டியில் இருப்பது மல்லிகை அல்ல, மல்லிகையைப் பற்றி ஒரு வேதியியல்காரர் எழுதிய கட்டுரை.

எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவை முதலில் ஓடிப்போகும். சந்தனமும் வெனிலாவும் கடைசிவரை உட்கார்ந்திருக்கும். இரண்டு வகையையும் கலந்தால் பந்தி நீளும். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெயைத் தொடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

6. மின்விசிறிக்கு நேர் கீழே வையுங்கள்

நம் வீட்டு மணத்தை எதிர்வீட்டு அக்கா அனுபவிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. காற்றில் டீ லைட் சுடர் நடுங்கும், மெழுகு பாதி உருகிப் பாதி முறைக்கும், கிளம்பிய கொஞ்சநஞ்ச மணமும் பால்கனி வழியே போய்விடும். முதலில் கதவைச் சாத்திய சின்ன அறையில் சோதித்துவிட்டு அப்புறம் கூடத்துக்கு வாருங்கள்.

மெழுகு தீரவில்லையே என்று ஒரே வில்லையை மூன்று வாரம் உருக்கிக்கொண்டிருந்தேன். தீராது. மணம் போகும், மெழுகு இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, உருகியதைப் பஞ்சில் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடுங்கள். சிங்க்கில் ஊற்றினால் பிளம்பருக்கும் கணக்கு எழுத வேண்டிவரும்.

7. உங்கள் மூக்கை நம்புங்கள்

ஏழிலும் இதுதான் என்னை அதிகம் செலவழிக்க வைத்தது. ஒரே மணத்தில் சில நிமிடம் இருந்தால் மூக்கு அதைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடும். நானோ மூன்று மணி நேரம் எண்ணெயிலேயே குளித்துவிட்டு, கிண்ணத்தின் மேல் குனிந்து "மணக்கவே இல்லை" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். சிலிண்டர் போட வந்தவர் வாசலிலேயே நின்று, "சார், சென்ட் பாட்டில் ஏதாவது கொட்டிருச்சா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது.

ஆகவே வில்லையை ஏற்றிவிட்டு, வீட்டில் ஒருவரைக் காவலுக்கு வைத்துவிட்டு, வெளியே போய்விடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் புது மூக்கோடு வந்து பாருங்கள். நானும் போனேன். தெருமுனையில் டீ குடித்துவிட்டு வந்து படியேறினேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே மணம் ஆளைத் தூக்கியது. ஜெயித்துவிட்டேன் என்று இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன்.

கூடத்தில் வில்லை அதன் பாட்டுக்கு உருகிக்கொண்டிருந்தது. அடுப்படியில் அம்மா சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். கரண்டியில் அரை ஸ்பூன் எண்ணெய். காய்ந்த பதம் பார்த்துக் கடுகு. கடுகு வெடித்ததும் பெருங்காயம். உடனே குழம்பில் ஒரு சொய்ங். வெப்பமானி இல்லை, இரண்டு வாரம் ஊறவைக்கவும் இல்லை.

"எவ்வளவும்மா போட்ட?"

"ஒரு சிட்டிகைடா."

இன்னொரு சிட்டிகை வாங்கி டிஜிட்டல் தராசில் வைத்தேன். 0 காட்டியது.