பேரில் மட்டும் குளம்

மதுரைத் தல்லாகுளத்தில் குடியிருந்துகொண்டு கொல்லையில் குளம் வெட்டுவது கொஞ்சம் குசும்புதான். பேரில் குளம் இருக்கிறது. தெருவில் தண்ணி லாரிதான் நிற்கிறது. போன ஆடியில் எட்டுக்கு நாலடி சிமென்ட் தொட்டி கட்டி, ஜிலேபிக் குஞ்சு இருபது விட்டேன். பக்கத்தில் வெண்டை, கத்தரி. பந்தலில் புடலை.

ஜிலேபி நம்மூர் மீன் இல்லை. ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபம் என்கிற ஊருக்கு வந்திறங்கிய விருந்தாளி. தாய்மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். வாயைத் திறக்காமல் குடும்பத்தைப் பெருக்குகிற சாமர்த்தியம்! தைக்குள் தொட்டி நிறையக் கூட்டம். ஒன்றாவது விரல் நீளத்தைத் தாண்ட வேண்டுமே. தினமும் காலையில் மதில்மேல் ஒரு கொக்கு வந்து நின்று, என்னைவிட அக்கறையாகத் தணிக்கை செய்யும்.

தொட்டித் தண்ணீரை மொண்டு செடிக்கு ஊற்றினேன். மீன் கழிவில் தழைச்சத்து அதிகம். வெண்டை இலை முறம்போல் விரிந்தது, காயைத்தான் காணோம். புடலங்காய் நேராக இறங்கட்டும் என்று நுனியில் கல்லைக் கட்டினேன். காம்பு அறுந்து, கல்லும் காயுமாகத் தொட்டிக்குள் விழுந்தது. மீன்கள் சிதறின. கொக்கு அசையவில்லை.

சித்திரையில் அழகர் எதிர்சேவைக்கு வந்த அன்று தொட்டியில் கணுக்கால் தண்ணீர். அவர் ஆற்றில் இறங்க வைகை அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

“ஏங்க, நம்ம தொட்டிக்கும் ஒரு மனு போடுங்களேன். கலெக்டர் ஆபீஸ் நடக்கிற தூரந்தானே” என்றாள் மனைவி.