ஆண்டுக்கு ஐம்பது

ஜனவரி முதல் தேதி காலையில் 'இந்த ஆண்டு 50 புத்தகங்கள்' என்று ஊரறிய அறிவித்துவிட்டு, டிசம்பர் கடைசி வாரத்தில் ஒல்லியான புத்தகம் தேடி அலைபவர் இலக்கு வாசகர். இடைப்பட்ட மாதங்களிலும் அவரை அடையாளம் காண்பது எளிது. ஒரு புத்தகம் கைக்கு வந்ததும் மற்றவர்கள் முதல் பக்கத்தைப் புரட்டுவார்கள். இவர் கடைசிப் பக்கத்தின் எண்ணைப் பார்ப்பார்.

இந்த வகையினர் நேற்று முளைத்தவர்கள் அல்லர். வங்கியில் இலவசமாகக் கொடுத்த டைரியின் பின்பக்கத்தில் புத்தகத்தின் பெயர், ஆசிரியர், முடித்த தேதி என்று கோடு போட்டு எழுதி வைத்தவர்கள் முந்தைய தலைமுறையிலும் உண்டு. அந்த டைரியை வேறு யாரும் பார்த்ததில்லை என்பதால் அதில் பொய் எழுதவேண்டிய அவசியமும் வரவில்லை. கணக்கைத் தெருவுக்குக் கொண்டுவந்தது குட்ரீட்ஸ். 2007இல் தொடங்கப்பட்ட இந்தத் தளம், ஆண்டு வாசிப்புச் சவாலை 2011இல் அறிமுகப்படுத்தியது. 2013இல் அமேசான் இதை வாங்கிக்கொண்டது. ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும். கடந்துபோன நாட்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'நீங்கள் 6 புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்' என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். தவணை தவறியவர் வீட்டு வாசலில் வந்து உட்காரும் வசூல்காரரைப் போலக் குரலை உயர்த்தாது, எழுந்தும் போகாது.

ஐம்பது என்ற எண் எப்படி வருகிறது என்பது ஆராயத்தக்கது. தெரிந்தவர் யாரோ நூறு என்று போட்டிருப்பார், அதில் பாதி. நியாயம் அப்புறம் கற்பிக்கப்படும். புத்தகத்துக்குச் சராசரியாக 250 பக்கம் என்றால் ஆண்டுக்கு 12,500 பக்கம், நாளொன்றுக்கு 34. 'முப்பத்துநாலு பக்கம்தானே, காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும்' என்று டிசம்பர் 31 இரவு தோன்றும். வைகாசி முகூர்த்தங்கள், ஐபிஎல், பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு, பத்து நாள் தங்கிப்போக வரும் மாமனார் ஆகியோருக்கு இந்தக் கணக்கில் இடம் கிடையாது.

இலக்கு அறிவிக்கப்பட்ட சூடு ஆறுவதற்குள் சென்னைப் புத்தகக் காட்சி வந்துவிடுகிறது. 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் தொடங்கி, இடம் பல மாறி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு வந்து சேர்ந்த இந்தத் திருவிழா, இலக்கு வாசகருக்குப் பொங்கலை விடப் பெரிது. பத்து சதவீதத் தள்ளுபடியில் எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று ஒவ்வொரு அரங்கிலும் கணக்குப் பார்ப்பார். அந்த மிச்சம் முழுவதும் டெல்லி அப்பளத்திலும் மிளகாய் பஜ்ஜியிலும் கரைந்துவிடும். எழுத்தாளர் யாராவது கண்ணில் பட்டால் கையெழுத்து, கூடவே ஒரு படம். வீடு திரும்பியதும் வாங்கியவற்றையெல்லாம் கட்டில் மேல் பரப்பி, முதுகுப்பக்கம் தெரியும்படி அடுக்கி, மேலேயிருந்து படம் எடுத்து, 'இந்த ஆண்டின் வேட்டை' என்று முகநூலில் போட்டால்தான் அன்றைய சடங்கு நிறைவுபெறும். இருநூறு விருப்பக்குறிகள் விழுகிற இடத்தில், வாசலோரம் நின்று ஒரு குரல் மட்டும் கேட்கும்: "ஏங்க, போன வருஷத்துப் பையே இன்னும் பிரிக்கலையே?" இதற்கு இலக்கு வாசகர்கள் எவரும் இதுவரை திருப்தியான பதில் கண்டுபிடிக்கவில்லை. வாங்குவது வேறு, வாசிப்பது வேறு என்ற உண்மையை வீட்டாரிடம் விளக்குவது சிரமம்.

பிப்ரவரிக்குப் பிறகு, எதைப் புத்தகம் என்று எண்ணுவது என்ற தத்துவச் சிக்கல் தொடங்குகிறது. 'பொன்னியின் செல்வன்' ஒரு புத்தகமா, ஐந்து புத்தகங்களா? இலக்கில் முந்தியிருக்கும் மாதத்தில் அவர் பெருந்தன்மையாக ஒன்று என்பார். பின்தங்கிய மாதத்தில் 'புது வெள்ளம்' தனி, 'சுழற்காற்று' தனி. கம்பராமாயணத்துக்கு ஆறு காண்டம் என்பதால் ஆறு. திருக்குறளுக்கு முப்பால் என்ற வகையில் மூன்று வரை போகலாம். அதிகாரத்துக்கு ஒன்று என்று 133 போட்டுக்கொள்ளும் துணிச்சல் இன்னும் யாருக்கும் வரவில்லை. ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல்கள் என்று கேள்விப்பட்டு, இலக்கில் பாதி ஒரே இடத்தில் கிடைக்கிறதே என்று ஆசையோடு நெருங்குபவர்கள், மொத்தம் 25,000 பக்கங்களுக்கு மேல் என்று தெரிந்ததும் பின்வாங்கிவிடுகிறார்கள். நாளுக்கு 34 பக்கம் என்ற அவர்கள் வாய்ப்பாட்டின்படியே இரண்டு ஆண்டு ஆகும். கிடைப்பதோ வெறும் 26. நஷ்ட வியாபாரம்.

இன்னும் நுட்பமான தகராறுகள் உண்டு. வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை, என்னுரை நான்கையும் படித்து முடித்தவர் அந்தப் புத்தகத்தைப் பாதி படித்தவராகக் கொள்ளப்படலாமா? தமிழ்ப் புத்தகங்கள் சிலவற்றைப் பொறுத்தவரை கொள்ளலாம். தூங்கவைப்பதற்காக மகளுக்குப் படித்துக்காட்டிய 16 பக்கப் படக்கதை கணக்கில் சேருமா? மார்ச்சில் கேட்டால் சேராது என்பார்; நவம்பரில் கேட்கக் கூடாது.

1950 முதல் 1954 வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் 'கல்கி' இதழில் வாராவாரம் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். தபால்காரர் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்து, வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை போட்டு, பிறகு பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர்கள் அவர்கள். குட்ரீட்ஸ் கணக்கில் அவர்கள் மூன்றரை ஆண்டில் முடித்தது ஒரே ஒரு புத்தகம். படுமோசமாகப் பின்தங்கியவர்கள்.

வேகத்தைக் கூட்டுவதற்கான உபாயங்கள் ஏப்ரல், மே மாதங்களில் கையாளப்படுகின்றன. ஒலிப்புத்தகத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பது முதல் படி. இரண்டு மடங்கில் வைத்தால் எல்லாக் கதாபாத்திரங்களும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரிப் பேசுவார்கள். ஆனாலும் எண்ணிக்கை கூடும். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் புத்தகமாக வெளியிட்ட எஸ்.ஆர். ரங்கநாதன், அவற்றில் நான்காவதாக, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்றார். தேடி வந்த புத்தகம் நூலகத்தில் சீக்கிரம் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய அக்கறை. இலக்கு வாசகர் இந்த விதியைத் தாமே மேற்கொண்டு இயற்கை வருணனைகள், கனவுகள், கடிதங்கள், அடைப்புக்குறிக்குள் வருபவை அனைத்தையும் தாண்டிவிடுகிறார்.

ஆகஸ்டில் விபத்து நேர்கிறது. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் வாங்கியதோ, நண்பர் திணித்ததோ, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' கையில் அகப்பட்டுக்கொள்கிறது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் எடுப்பார். மெடானிலும் பினாங்கிலும் தமிழ் வட்டிக்கடைப் பையன்கள் பேசும் பேச்சு அவரைப் பிடித்து இழுக்கும். படித்த அத்தியாயத்தையே மறுபடி படிப்பார். பழைய உலகப் படம் ஒன்றை எடுத்துவைத்து சுமத்ராவைத் தேடுவார். பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போகும். முழுதாக மூன்று வாரம். செயலியோ இந்தக் காலத்தில் பின்தங்கல் எண்ணை 6இலிருந்து 9 ஆக்கியிருக்கும். இதை அவர் 'தேக்கம்' என்று குறிப்பிடுவார். ஆண்டு இறுதி அறிக்கையிலும் ஆகஸ்ட் சரியில்லை என்றே வருந்துவார். ஆனால் டீக்கடையில் நண்பர்களிடம் அந்த ஆண்டு முழுக்க அவர் வாய் ஓயாமல் பேசுவது இந்த ஒரு புத்தகத்தைப் பற்றித்தான். மற்றவற்றைப் பற்றிக் கேட்டால், "படிச்சிருக்கேன், நல்லா இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஓர் அளவுகோலையே இலக்காக்கினால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்ற கருத்து, பொருளியலில் சார்லஸ் குட்ஹார்ட் பெயரால் வழங்குகிறது. 1975இல் அவர் பேசியது பிரிட்டனின் பணக் கொள்கையைப் பற்றி. அது நந்தனம் மைதானத்துக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

டிசம்பர் மெலிந்த புத்தகங்களின் மாதம். ஆண்டு முழுக்க அலமாரியின் மேல்தட்டில் பயமுறுத்திக்கொண்டு நின்ற சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்', ஆயிரம் பக்கத்துக்கு மேல் என்ற ஒரே குற்றத்துக்காக அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்படும்; சென்ற டிசம்பரிலும் அதற்கு இதே தீர்ப்புதான். 64 பக்கக் கவிதைத் தொகுப்புகளுக்கு மவுசு வரும். பக்கத்துக்கு ஆறு வரி, மிச்சமெல்லாம் வெள்ளைத்தாள் என்று எதற்காகத் தமிழ்க் கவிஞர்கள் ஏளனம் செய்யப்பட்டார்களோ, அதற்காகவே இப்போது தேடப்படுவார்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' ஒரே மாலையில் முடிந்துவிடும் என்று எடுப்பார், முடித்தும்விடுவார். ஜமுனாவுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று மறுநாள் கேட்டால்தான் சிக்கல்.

31ஆம் தேதி இரவு ஐம்பதாவது புத்தகத்தின் கடைசி இருபது பக்கங்களை அவர் கண்ணால் வருடி முடிப்பதும், தெருவில் முதல் வெடி வெடிப்பதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழும். பிறகு பட்டியல் வெளியாகும். அதில் முதல் ஐந்து இடங்களில் கனமான மொழிபெயர்ப்புகள் நிற்கும். படக்கதை கண்ணுக்குத் தெரியாத நடுப்பகுதியில் ஒதுங்கியிருக்கும். பின்னூட்டத்தில், 'எப்படி சார் நேரம் கிடைக்குது?' என்று ஒருவராவது கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்காகவே பட்டியல் போடப்பட்டது என்பது மற்ற இலக்கு வாசகர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்களில் ஒருவர் கேட்டுவிடுவார். கைம்மாறு அடுத்த ஆண்டு.

எட்டாதவர்களின் கதை வேறு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி அவர்களுடைய இலக்கு 50, 40, 24 என்று இறங்கி, 12இல் வந்து நிற்கும். அந்தக் கட்டத்தில் அவர்களுக்குப் புது ஞானம் பிறக்கிறது. எண்ணிக்கையா முக்கியம், ஆழ்ந்து வாசிப்பதல்லவா வாசிப்பு என்று, நூறு போட்டவரின் பக்கத்திலேயே போய் எழுதிவிட்டு வருவார்கள். இந்தச் சந்தேகம் ஐம்பதை எட்டிய ஆண்டில் அவர்களுக்கு வந்ததில்லை. பன்னிரண்டு என்று குறைத்துக்கொண்ட ஆண்டிலும் அவர்கள் 'பொன்னியின் செல்வ'னை ஐந்தாகத்தான் எண்ணுகிறார்கள்.