முதலடிக்கு நான்கு சீர்

எங்கள் காலத்துத் தமிழ்த் தேர்வில் 'அலகிட்டு வாய்பாடு தருக' என்ற கேள்வி தவறாமல் வரும். ஒரு குறளைக் கொடுப்பார்கள். அசை பிரித்து, நேர் நிரை குறித்து, தேமா புளிமா எழுதி, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் எது என்று முடித்தால் முழு மதிப்பெண். ஆனால், 'நீயே ஒரு குறள் வெண்பா கட்டிப் பார்' என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. பாடுவது வள்ளுவர் வேலை, அளப்பது எங்கள் வேலை.

இப்போது பள்ளிக்குப் பள்ளி கவிதைப் போட்டி நடக்கிறது. தலைப்பு மரம், இல்லாவிட்டால் அம்மா. அளவைப் பற்றிப் பேச்சே இல்லை. பிள்ளைகள் கட்டுரை வாக்கியத்தை நான்காக மடக்கி, முடிவில் ஆச்சரியக்குறி போடுகிறார்கள். ஹைக்கூ என்றால் மூன்று வரி, அவ்வளவுதான். பாரதி 1916-லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதி, அதன் சுருக்கத்தை வியந்திருக்கிறார். சொல்லாமல் விடுவதில்தான் அதன் உயிர் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு யாராவது காட்ட வேண்டாமா?

சனிக்கிழமைகளில் கிளை நூலகத்தில் சில பிள்ளைகளோடு உட்காருகிறேன். முதலில் விடுகதை, கும்மி, எதுகை தேடும் விளையாட்டு. காது பழகிய பிறகே வெண்பா. முழுப் பாட்டும் கேட்பதில்லை, ஈற்றடி மட்டும்தான். மூன்றே சீர். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'மழைபெய்தால் வீடு முழுக்கப் பாத்திரம்' என்று எழுதி வந்தாள். ஓட்டு வீட்டில் ஒழுகும் இடமெல்லாம் பாத்திரம் வைத்த அனுபவம் அவளுக்கு உண்டு. ஆனால் சீர் நான்கு ஆகிவிட்டது, 'முழுக்கப்' என்ற புளிமாவுக்குப் பின் நேர் வந்து தளை தட்டியது, 'பாத்திரம்' கூவிளம் என்பதால் ஈற்றில் நிற்காது. எதுவும் திருத்தித் தரவில்லை, எங்கே இடிக்கிறது என்று மட்டும் காட்டினேன். சொற்களை வெட்டினாள், இடம் மாற்றினாள். கடைசியில் வந்தது இது: 'மழைபெய்தால் பாத்திரமே வீடு.'

புளிமாங்காய், கூவிளங்காய், காசு. தளை தட்டவில்லை. முதலில் எழுதியது வெறும் செய்தி. இலக்கணம் நெருக்கியபோதுதான் அவளுக்கே தெரியாமல் அது கவிதையானது. அன்று நாங்கள் அலகிட்ட குறள்களில் இந்த நெருக்கடியின் சுவையை யாராவது தொட்டுக் காட்டியிருந்தால், எத்தனை பேர் எழுத வந்திருப்பார்கள்!

இப்போது அவள் முதலடி தேடுகிறாள். அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காததையும் சொல்ல வேண்டுமாம். நான்கு சீர் போதவில்லை என்று என்னோடு சண்டை. நாலடியில் நேரிசை வெண்பா இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.