பத்து விரலில் பதினொருவர்: கோரிப்பாளையத்து நகச்சட்டைகள் குறித்த ஓர் ஆய்வு

கால்பந்து அணிக்கு ஆள் 11. மனிதருக்குக் கைவிரல் 10. இக்கட்டுரையின் அத்தனை சிக்கலும் இந்த ஓர் ஆள் வித்தியாசத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. தன் அபிமான அணியின் சட்டையை நகத்தில் தீட்டிக்கொள்ளும் எந்தப் பெண்ணும், புட்டியைத் திறக்கும் முன்பே ஒருவரை வெளியே அனுப்பியாக வேண்டும். விசில் ஊதவில்லை, பந்து நகரவில்லை, அதற்குள் ஒரு சிவப்பு அட்டை.

ஆய்வுக் களமான மதுரைக் கோரிப்பாளையத்தின் எல்லைகள்: தெற்கே வைகையும் 1889-இல் கட்டிய ஏ.வி. பாலமும், வடக்கே தமுக்கம், மேற்கே செல்லூர், கிழக்கே பெரியாஸ்பத்திரி. ஊடே தர்காவும் தேவர் சிலையும். 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி கூப்பிடு தூரத்தில்; மீனாட்சி கல்லூரியும் லேடி டோக்கும் சற்றுத் தள்ளி. நகம் வளர்க்கும் வயதுப் பெண்கள், நகத்தை ஒட்ட வெட்டச் சொல்லும் நர்ஸம்மாக்கள், நகத்தில் பாலிஷ் பூசக் கூடாது என்னும் தர்காத் தெரு நன்னிமார்கள், அதாவது பாட்டிமார்கள், என மூன்று தரப்பும் ஒரே சிக்னலில் பச்சைக்குக் காத்திருக்கிற இடம் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? அந்தச் சிக்னலுக்கு ஆய்வுக் கருவி என்ற தகுதியும் உண்டு. ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து பத்து விரலையும் விரித்துக் காற்றில் ஆட்டிக்கொண்டு போகும் பெண், யாரையும் அழைக்கவில்லை, எதையும் மறுக்கவில்லை. இரண்டாம் கோட்டிங் காய வைக்கிறாள். மேம்பால வேலை நடந்தபோது பறந்த தூசி எத்தனை அர்ஜென்டினாக்களைச் சொரசொரப்பாக்கியது என்பதை எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையும் பதிவு செய்யவில்லை.

மதுரை ஜல்லிக்கட்டு ஊர், கபடி ஊர், இங்கே கால்பந்து எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் நகச்சட்டைக்குக் கால்பந்து தெரிந்திருக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு பக்கம் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் ஆளுயரத்தைத் தாண்டிய கட்அவுட்டுகள் எழுந்தன. அவர்கள் ஆட்டம் பார்க்கிறவர்கள், கட்அவுட் வைத்தார்கள். ஆட்டம் நடக்கும் நேரத்தில் போர்வைக்குள் இருக்கும் நாம் அதே பக்தியை நகத்துக்குள் சுருக்கிக்கொண்டோம். ஜெயித்தாலும் தோற்றாலும் காலையில் எழுந்துதான் தெரியும் என்பதால் நம் விசுவாசத்தில் கலப்படம் குறைவு.

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். நகம் குறித்த பழைய பேரறிஞர் வாத்ஸ்யாயனர். காமசூத்திரத்தில் நகக்குறிகளை எட்டாகப் பிரித்தவர்: பிறை, வட்டம், கோடு, புலிநகம், மயில்பாதம், முயல்தாவல் என்று பட்டியல் போகிறது. எட்டு வகையும் நகம் பிறர்மேல் எழுதுவது பற்றியவை. நகத்தின்மேல் எழுதுவது பற்றி அவர் கவலைப்படவில்லை. அவருடைய கவனம் வேறு இடத்தில் இருந்தது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் போகிற போக்கில் அவர் சொல்லிச் சென்ற ஒரு செய்தி நம் துறைக்கு அடிக்கல்லாகிறது. கௌட நாட்டாருக்கு, அதாவது வங்காளப் பக்கத்தவருக்கு, நகம் பெரியதாம், மராட்டியருக்கு நடுத்தரம், தென்னாட்டாருக்குச் சிறியதாம்.

இந்தியக் கால்பந்தின் தலைநகரம் எங்கே இருக்கிறது என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் அணியை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தூக்கிய மோகன் பகான், கொல்கத்தா அணி. ஒருவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் வெறுங்காலோடு ஆடினார்கள். அதாவது 100 கால்விரல் நகங்கள் பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரரை எதிர்கொண்டன. பெரிய நகம், பெரிய கால்பந்து! வாத்ஸ்யாயனர் இந்த முடிவுக்கு வரத் தவறியதற்குக் கால்பந்து அப்போது இல்லை என்பது ஒன்றே காரணம். தெற்கத்தியார் மனம் தளர வேண்டியதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். அந்த அணியிலும் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை.

சிறுநகத்தாராகிய நமக்கு மைதானம் சிறிது. சுண்டுவிரலில் ஒரு சென்டிமீட்டர் அகலம்கூடத் தேறாது. அதில் அர்ஜென்டினாவின் நெடும்பட்டைகளை இறக்கும் முறையைச் சற்று விரிவாகவே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. முதலில் வெள்ளை, இரண்டு கோட்டிங். அவசரப்பட்டு ஒரே கோட்டிங்காகத் தடிமனாய்ப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே கொழகொழவென்று நிற்கும். அடுத்து வெளிர் நீலம் வேண்டும். ஃபேன்சி ஸ்டோரில் நீலம் கேட்டால் போலீஸ் ஜீப் நீலத்தை எடுத்து வைப்பார்கள். ஆகவே வெட்டிக் கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டின் உட்புறத்தில் இரண்டு சொட்டு வெள்ளை, அரைச் சொட்டு நீலம் விட்டு, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் கலக்கிக்கொள்வது. செல்லோடேப்பைப் பிளேடால் மெல்லிய கீற்றாக நறுக்கி, வெள்ளை தெரிய வேண்டிய இடங்களில் நெடுக்காக ஒட்டி, மேலே நீலம் பூச வேண்டும். கலையின் உயிர் நிற்பது டேப்பை உரிக்கும் நேரத்தில். நீலம் முழுதும் காய்ந்தபின் உரித்தால் வெள்ளையும் சேர்ந்து உரிந்து வரும். ஈரத்தில் உரித்தால் கோடு வழியும். நடுவில் ஒரு கணம் இருக்கிறது. அதை எந்தப் பாட நூலும் சொல்லித் தராது. பக்கத்து வீட்டு அக்காதான் “இப்ப இழுடி” என்று சொல்ல வேண்டும்.

இடது கைக்கு இவ்வளவும் நடக்கும். வலது கைக்கு இடது கைதான் ஓவியர் என்பதால் அங்கே இரண்டாம் தர அணி இறங்குகிறது. தங்கச்சி இருக்கிற வீடுகளில் மட்டும் இரு கைகளும் சம பலத்தோடு ஆடுகின்றன. குரோவேஷியாவின் சிவப்பு வெள்ளைக் கட்டங்களைத் தாமே வலது கையில் போட்டுக்கொண்டவர் யாரும் இருந்தால் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர எந்தப் பல்கலைக்கழகமும் தயங்கக் கூடாது.

இனி விடுபட்ட அந்த ஒருவர். ஆட்ட விதி 4-இன்படி கோல்கீப்பர் மற்றப் பத்துப் பேரிடமிருந்து வேறுபட்ட நிறத்தில்தான் உடுத்த வேண்டும். ஆகவே அவரைக் கைவிரலிலிருந்து இறக்கி இடது கால் பெருவிரலில் நிறுத்துவது விதிக்கும் பொருந்தும், வரலாற்றுக்கும் பொருந்தும். 2022 டிசம்பர் 18, லுசைல் மைதானம், 3-3 என்று நிற்கும் இறுதியாட்டத்தின் கூடுதல் நேரமும் முடியப்போகிற கடைசி நொடிகள். பிரான்ஸின் கோலோ முவானி அடித்த பந்தை எமிலியானோ மார்டினெஸ் தடுத்தது நீட்டிய இடது காலால்தான். அந்தக் கால் இல்லாவிட்டால் மெஸ்ஸிக்குக் கோப்பை இல்லை. பத்து விரலும் பத்தாம் எண்ணைத்தான் குறிக்கின்றன, கோல்கீப்பர் எதற்கு என்று வாதிடும் தீவிர மெஸ்ஸி மரபினர் இதற்குப் பதில் சொல்வதில்லை.

விதி 3 இன்னும் கடுமையானது. ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடரக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாருக்கு இந்த விதி தெரியாது. கருகிய பால் சட்டி ஒன்றைத் தேய்த்து முடிக்கையில் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் உதிர்ந்து எட்டாகும். மறுநாள் பூண்டு உரிக்கையில் ஆறாகும். உதிராமல் தப்பியவர்களுக்கும் ஒரு கஷ்டம் உண்டு. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. 48 அணிகள் ஆடும் 2026 உலகக் கோப்பை ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை 39 நாள். முதல் ஆட்டத்தன்று உடுத்திய சட்டை இறுதியாட்டத்தன்று கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் மேலேறி, வீரர்கள் அனைவரும் வயிறு தெரிய நிற்பார்கள்.

நிற மாற்றம் பற்றியது இந்த ஆய்வின் சொந்தக் கண்டுபிடிப்பு. கோரிப்பாளையத்தில் இரவு பரோட்டா தின்னாமல் ஒருவர் வாழ்வது சாத்தியம் என்று வைத்துக்கொண்டாலும் அவர் இந்த ஆய்வுக்கு உகந்தவர் அல்லர். பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊற வைத்துக் குழைக்கும் வலது கையில், மஞ்சள்தூளின் நிறம் நகத்து வெள்ளைப் பட்டைகளில் ஏறிக்கொள்கிறது. நீலமும் மஞ்சளுமாகிவிட்ட அந்தச் சட்டை இனி அர்ஜென்டினா அல்ல, போகா ஜூனியர்ஸ். ப்யூனஸ் ஐரஸ் துறைமுகத்துக்கு அடுத்து எந்தக் கப்பல் வருகிறதோ அதன் கொடி நிறமே நமக்கு என்று அவர்கள் முடிவெடுத்து, ஸ்வீடன் கப்பல் வந்ததால் நீலமும் மஞ்சளும் கிடைத்ததாக ஒரு கதை உண்டு. அவர்களுக்குக் கப்பல், நமக்குச் சால்னா. அங்கே மஞ்சள் குறுக்கே ஓடும், இங்கே நெடுக்கே. ஆய்வில் சிறு விலகல்கள் அனுமதிக்கப்படும். இடது கை மட்டும் கறைபடாத அர்ஜென்டினாவாகவே நீடிக்கிறது. 1986 ஜூன் 22 அன்று இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா பந்தைத் தட்டிவிட்டதும் இடது கையால்தான். அவர் இரண்டு சட்டைகளையும் போட்டு ஆடியவர் என்பதால் இந்த விஷயத்தில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

மஞ்சளைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. பிரேசில் ஒரு காலத்தில் வெள்ளைச் சட்டையில் ஆடியது. 1950-இல் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் 1-2 என்று தோற்றபின் அந்த வெள்ளை ராசியில்லாததாகிவிட்டது. 1953-இல் ஒரு நாளிதழ் புதுச் சட்டைக்குப் போட்டி வைத்தது. கொடியின் நான்கு நிறங்களும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஜெயித்தவர் அல்திர் கார்சியா ஷ்லீ என்ற பத்தொன்பது வயது இளைஞர். எல்லையோர ஊர்க்காரர், மனதளவில் உருகுவே ரசிகர்! இத்தனை வரலாற்றையும் சுமந்து வரும் மஞ்சள் நகம் ஏ.வி. பாலத்தைக் கடப்பதற்குள் “என்ன பாப்பா, சி.எஸ்.கே.வா?” என்று கேட்கப்படுகிறது. ஓரத்தில் பச்சை வரி ஒன்று இழுத்தால்தான் பிரேசில். அதுவும் இல்லாத மஞ்சளைப் பெரியாஸ்பத்திரிப் பக்கம் கொண்டுபோனால் காமாலையா என்று கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்ப்பார்கள்.

சிவப்பும் கருப்பும் இன்னும் ஆபத்து. 1899-இல் பிறந்த ஏ.சி. மிலான் இந்த இரண்டு நிறத்தையும் பட்டைபட்டையாய் உடுத்துகிறது. மிலான் நகத்தோடு ஒரு பெண் கோரிப்பாளையத்தில் ஆட்டோ ஏறினால், இறங்குவதற்குள் டிரைவர் தொகுதி நிலவரம் முழுவதையும் சொல்லி முடித்திருப்பார். எதிர்க்கட்சிக்காரராயிருந்தால் மீட்டருக்கு மேல் பத்து ரூபாய். மீட்டர் என்பது இங்கே அலங்காரச் சொல். கரைவேட்டியின் அரை அங்குலக் கரையை வைத்து ஆளின் ஜாதகத்தையே கணித்துவிடும் இந்த ஊரில், நகத்தில் நிறம் என்பது வெறும் நிறமாக ஒருபோதும் இருக்க முடியாது. இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. 2013 மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில் ஸ்வீடனின் உயரம் தாண்டும் வீராங்கனை எம்மா கிரீன் ட்ரெகாரோ வானவில் நிறங்களை நகத்தில் தீட்டி வந்தார். அது அரசியல் ஆகிவிடும் என்று சொல்லப்பட்டதும் இறுதிச் சுற்றுக்குச் சிவப்புக்கு மாறினார்.

பெரியாஸ்பத்திரியில் நகச்சட்டைக்கு நுழைவு இல்லை. விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் நகத்தின் வழியே ஒளி பாய்ச்சித்தான் ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கிறது. அடர் நிறப் பூச்சு அந்தக் கணக்கைக் குழப்பக்கூடும். மூச்சுத் திணறினால் நகம் நீலம் பாரிக்கும் என்பது மருத்துவர் பார்க்கும் அடையாளம். அங்கே அர்ஜென்டினா ரசிகை ஆரம்பத்திலிருந்தே நீலம். “இதெல்லாம் வீட்ல அழிச்சிட்டு வரக் கூடாதாம்மா?” என்றபடி பஞ்சில் ரிமூவரை நனைத்துத் தேய்க்கும் நர்ஸம்மாவின் கையில், ஒரு பின்மாலை முழுக்க உருவான அணி இரண்டு நிமிடத்தில் கலைக்கப்படும்.

தர்கா பக்கத்துத் தெருக்களில் வாதம் வேறு. பூச்சு நகத்தின்மேல் படலமாய் நிற்கிறது, தண்ணீர் உள்ளே படாது, தொழுகைக்கு முன் கழுவும் ஒளு கூடாது. எனவே நன்னிமார் இதற்கு அனுமதி தருவதில்லை. மருதாணிக்குத் தடையில்லை. அது படலம் அல்ல, அதிலுள்ள லாசோன் என்ற சாயம் நகத்தின் கெரட்டினோடு சேர்ந்துகொள்கிறது. நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை போகாது. பெருநாளைக்குப் பிறை தெரிந்த இரவில் நன்னியின் பத்து நகமும் பழுத்த ஆரஞ்சாகின்றன. இது நெதர்லாந்து அணியின் சட்டை என்பதில் ஐயமில்லை. ஜெர்சி கடைகளும் நெயில் ஆர்ட் பார்லர்களும் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, 1974, 1978, 2010 என மூன்று உலகக் கோப்பை இறுதியாட்டங்களிலும் தோற்ற ஓர் அணியை, சட்டையை ஒருமுறைகூடக் கழற்றாமல், இந்த நன்னிமார்கள் ஆதரித்து வந்திருக்கிறார்கள். நெதர்லாந்துக் கால்பந்துச் சங்கம் இதுவரை ஒரு நன்றிக் கடிதம்கூட அனுப்பவில்லை.

மிச்சமிருப்பது அரசாங்கம் போடும் நகக்கலை. மைசூரு பெயின்ட்ஸ் தொழிற்சாலையில் தயாராகி 1962 பொதுத்தேர்தலிலிருந்து வழக்கத்தில் இருக்கும் வெள்ளி நைட்ரேட் மை, இடது ஆள்காட்டி விரலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. 2006 முதல் அதை நகத்தின் நுனியிலிருந்து முதல் கணுவரை ஒரே கோடாக இழுக்கிறார்கள். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்த ஒரு வீரர் வாரக்கணக்கில் கருப்புப் பட்டையோடுதான் களத்தில் நிற்க வேண்டும். கால்பந்தில் கருப்புப் பட்டை துக்கத்துக்குக் கட்டுவது. இங்கே துக்கம் எந்தக் கட்சிக்கு என்பது வாக்கு எண்ணும் நாளில்தான் தெரியும்.